நூற்றுக்கு நான்கு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மீது இரவிரவாகப் போய்க் குண்டு போட்ட பிரிட்டிஷ் விமானங்களைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், எத்தனை டன் குண்டு, எத்தனை நகரம், எந்த எஞ்சின் என்று போய்விடுவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: நேற்று போனதில் எத்தனை திரும்பவில்லை? 1943-44 குளிர்காலத்தில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைத்த பதில், நூற்றுக்கு நான்கு, சில வாரங்களில் ஐந்து, ஆறு. ஐந்தைத் தாண்டி நீண்ட நாள் போனால் படை தாங்காது என்பது மேலிடத்தின் மதிப்பீடு. நான்கு என்றால் தாங்கும்.

நான்கு சதவீதம் என்று காதில் கேட்கும்போது சின்ன எண்தான். ஆனால் ஒரே விமானத்தில் சேர்ந்து பறக்கும் குழு முப்பது தாக்குதல்களை முடித்தால்தான் அதற்கு ஓய்வு. ஒவ்வொரு இரவும் நூற்றுக்கு நான்கு போனால், நூறு குழுக்களோடு தொடங்கிய கணக்கு முப்பதாவது இரவு முடியும்போது 29-இல் வந்து நிற்கும். ஓய்வு என்பதும் ஆறு மாதம் பயிற்சி நிலையத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, அப்புறம் இரண்டாவது சுற்று, இன்னும் இருபது. அதையும் முடிப்பவை 13. கால்குலேட்டரில் 0.96-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கினால் யாருக்கும் வரும் விடை இது. அந்த இளைஞர்களில் கணக்குத் தெரிந்தவர்கள், குறிப்பாக வழிகாட்டும் நேவிகேட்டர்கள், இதைத் தாங்களே போட்டுப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

போர் முடிந்தபோது பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் (பாம்பர் கமாண்ட் என்று பெயர்) பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்திருந்தார்கள். நூற்றுக்கு 44. இவர்களில் ஒருவரையும் கட்டாயப்படுத்தி ஏற்றவில்லை, விமானத்தில் பறந்த அத்தனை பேரும் தாங்களாக முன்வந்தவர்கள். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். கனடாவிலிருந்து வந்து இறந்தவர்கள் மட்டும் பத்தாயிரத்தை நெருங்குவார்கள், ஆஸ்திரேலியர்கள் ஏறத்தாழ 3,500. ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே, பிரிட்டனுக்குள்ளேயே, பயிற்சியில் மலையில் மோதியும் ஓடுபாதையில் எரிந்தும் போனார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் எதிரியின் தாக்குதலில் இறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது, இந்தச் சாவுகளில் எத்தனையோ இங்கிலாந்திலேயே, காகிதத்தில், அலுவலக அறைகளில் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டவை. எனக்கு ஆறாதது அதுதான்.

குழு எப்படிச் சேர்ந்தது என்பதிலிருந்து சொல்கிறேன். பயிற்சி நிலையத்தில் விமானிகள், நேவிகேட்டர்கள், குண்டு குறிபார்ப்பவர்கள், வயர்லெஸ்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள் எல்லாரையும் சரியான எண்ணிக்கையில் ஒரு விமானக் கொட்டகைக்குள் விட்டுவிடுவார்கள். நீங்களே பேசிக் குழுக்களாகப் பிரிந்துகொள்ளுங்கள் என்று உத்தரவு, அவ்வளவுதான். யாரோடு சாகப்போகிறோம் என்பதை முகத்தைப் பார்த்து அரைமணி நேரத்தில் முடிவு செய்தார்கள், நம் ஊரில் பெண் பார்க்கப் போனால்கூட இதைவிட நாலு கேள்வி அதிகம் கேட்போம். ஆச்சரியம் என்னவென்றால் அந்த ஏற்பாடு பலித்தது. ஒன்றாகவே விடுப்பில் போவது, ஒன்றாகக் குடிப்பது, ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மாற்று ஆளோடு பறக்கவே பயப்படுவது என்று அந்த ஆட்கள் ஒரு குடும்பமாகிவிட்டார்கள். நான்கு எஞ்சின் விமானத்துக்கு மாறும்போது ஃப்ளைட் எஞ்சினியர் வந்து சேர, மொத்தம் ஏழு பேர்.

அந்த ஏழு பேர் ஏறிய விமானங்களில் பேர்பெற்றது லங்காஸ்டர். 7,377 கட்டினார்கள், ஏறத்தாழ பாதி தாக்குதல்களில் போயின. வெளியிலிருந்து பார்த்தால் பிரம்மாண்டம். உள்ளே நடக்கவே முடியாது. இரண்டு இறக்கைகளையும் தாங்கும் குறுக்குச் சட்டம் உடம்பின் நடுவே இடுப்பளவு உயரத்தில் குறுக்கே போகிறது. தடித்த உடை, பூட்ஸ், பாரசூட் பட்டைகளோடு, தரையில் நிற்கும் விமானத்திலேயே அதைத் தாண்டுவது சிரமம். தீப்பிடித்துச் சுழன்று விழும் விமானத்தில், இருட்டில், அதைத் தாண்டி முன்பக்கம் வந்து, மூக்கின் தரையில் இருக்கும் சிறிய கதவு வழியாகக் குதிக்க வேண்டும். அந்தக் கதவின் அகலம் 22 அங்குலம். இதே வேலையைச் செய்த ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் 24 அங்குலம்.

வால் கோபுரத்தில், அதாவது வால்நுனியில் துப்பாக்கிகளோடு சுழலும் சிறு கூண்டில், உட்கார்ந்திருந்தவரின் நிலை இன்னும் மோசம். கோபுரத்துக்குள் பாரசூட் வைக்க இடமில்லை, அது அவர் முதுகுக்குப் பின்னால் விமான உடம்பில் தொங்கும். மைனஸ் 30, 40 டிகிரி குளிரில் ஏழெட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர், கையுறைக்குள் விரல் மரத்த நிலையில், கோபுரத்தை நேராகத் திருப்பி, பின்கதவைத் திறந்து, கையை நீட்டி பாரசூட்டை எடுத்து மார்பில் மாட்டி, மறுபடி கோபுரத்தைப் பக்கவாட்டில் திருப்பி முதுகுப்பக்கமாக வெளியே விழ வேண்டும். ஹைட்ராலிக் குழாய் அறுந்துவிட்டால் கோபுரம் திரும்பாது, கையால் சுற்ற வேண்டும். இத்தனைக்கும் இருந்த நேரம் விநாடிக் கணக்கில்.

ஃப்ரீமன் டைசன் என்ற பெயர் இயற்பியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் 1943 ஜூலையில், 19 வயதில், இந்தப் படையின் தலைமையகத்தில் புள்ளிவிவர ஆய்வாளராகச் சேர்ந்தார். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிரோடு வெளியேறினார்கள் என்ற கணக்கை அவர் பின்னாளில் எழுதினார். பகலில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் பாதிப் பேர். ஹாலிஃபாக்ஸ், ஸ்டிர்லிங் ஆகியவற்றில் நூற்றுக்கு 25. லங்காஸ்டரில் 15. அவருடைய சக ஊழியரான மைக் ஓலாக்லின் லங்காஸ்டர் மூக்கிலிருந்த அந்தக் கதவைப் பெரிதாக்கச் சொல்லி நெடுநாள் மல்லுக்கட்டினார். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் போர் முடியப்போகும் நேரம் அது. இரண்டு அங்குலத்தின் விலை ஆயிரக்கணக்கான உயிர் என்பது டைசனின் கருத்து. எனக்கும் அதுதான் தோன்றுகிறது. ஜெர்மன்காரன் செய்த துளை இல்லை அது, நம்மவர்கள் போடாமல் விட்ட துளை என்று அந்தக் குழுக்களில் ஒருவர் சொல்லியிருந்தால் அவருக்கு யார் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

டைசன் பார்த்த இன்னொரு கணக்கு இதைவிடக் கொடுமை. முதல் சில பயணங்களைத் தாண்டிவிட்டால் அனுபவம் கைகொடுக்கும், பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பது எல்லாருக்கும் சொல்லப்பட்ட நம்பிக்கை. போரின் தொடக்க ஆண்டுகளில் அது உண்மையாகவும் இருந்தது. 1944 வாக்கில் எண்களைப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. இருபத்தைந்தாவது பயணத்தில் இருந்த கெட்டிக்காரக் குழுவும் மூன்றாவது பயணத்தில் இருந்த புதுக்குழுவும் ஒரே வேகத்தில் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கவனமாக இருந்தாலும் தப்பிக்க முடியாத ஏதோ ஒன்று மேலே நடக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அது என்னவென்று கண்டுபிடிக்கவில்லை, குழுக்களிடம் பழைய நம்பிக்கையையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இது. ஜெர்மன் இரவுப் போர்விமானங்களில் விமானி அறைக்குப் பின்னால், மேல்நோக்கிச் சாய்வாக இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளைப் பொருத்தியிருந்தார்கள். 1943 ஆகஸ்டிலிருந்து அது பரவியது. லங்காஸ்டரின் வயிற்றுப் பக்கம் பார்க்க ஆளும் இல்லை, பெரும்பாலானவற்றில் துப்பாக்கியும் இல்லை. ஜெர்மன் விமானம் கீழே இருட்டோடு இருட்டாக வந்து, வேகத்தைச் சமப்படுத்தி, எஞ்சின்களுக்கு நடுவே இறக்கையில் இருக்கும் பெட்ரோல் தொட்டியைக் குறிவைக்கும். குண்டு அறையைச் சுட்டால் மேலே வெடிப்பது தன் தலையிலேயே விழும் என்பதால் இறக்கை. தோட்டாவில் ஒளிக்கோடும் கிடையாது. மேலே இருப்பவர்களுக்கு முதலில் தெரியும் விஷயம், இறக்கை எரிகிறது என்பதுதான். பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பி அறிக்கை கொடுக்க உயிரோடு இல்லை, அதனால் நெடுங்காலம் இது அறிக்கைகளில் தெளிவாக வரவே இல்லை.

பக்கத்தில் பறந்த குழுக்கள் எதைப் பார்த்தன? வானத்தில் திடீரென்று ஒரு பெரிய வெடிப்பு, ஆரஞ்சு நிறத் தீ, கரும்புகை. ஜெர்மன்காரர்கள் நம்மைப் பயமுறுத்துவதற்காக, விமானம் வெடிப்பதுபோலவே தோன்றும் ஒருவகைக் குண்டைச் சுடுகிறார்கள் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. 'ஸ்கேர்குரோ' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள், திரும்பி வந்து விசாரணை மேசையில் அதையே சொன்னார்கள், அது மறுக்கப்படவும் இல்லை. போருக்குப் பிறகு தேடிப் பார்த்தால் ஜெர்மனியிடம் அப்படி ஒரு குண்டு இருந்ததே இல்லை. அவர்கள் பார்த்த வெடிப்புகள் பெரும்பாலும் நிஜ விமானங்கள், ஒவ்வொன்றிலும் ஏழு பேர்.

மோனிகா என்ற கருவியின் கதையும் உண்டு. பின்னாலிருந்து யாராவது நெருங்கினால் எச்சரிப்பதற்காக வாலில் பொருத்திய சிறு ரேடார். அது அனுப்பும் அலையைப் பிடித்துக்கொண்டு நேராக விமானத்திடமே வந்து சேரும் கருவி ஒன்றை ஜெர்மன்காரர்கள் செய்துவிட்டார்கள். 1944 ஜூலை 13 அன்று ஒரு ஜெர்மன் யுங்கர்ஸ் 88 வழிதவறி, தன் நாடென்று நினைத்து இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜ் தளத்தில் வந்து இறங்கியது. அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உடனே மோனிகாவைக் கழற்றினார்கள். அந்த விமானி வழிதவறாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் அந்தக் கருவியோடு பறந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இனிமேல் என்னால் முடியாது என்று யாராவது சொன்னால்? அதற்கும் ஒரு முத்திரை வைத்திருந்தார்கள், மனத்திண்மை இல்லாதவர் என்று. இருபது முறை போய்வந்த பிறகு கை நடுங்குகிறவனையும் அந்த முத்திரை விடவில்லை. சட்டையில் தைத்திருந்த இறக்கைச் சின்னத்தைப் பிடுங்கி, தகுதியைப் பறித்து, மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்பதுபோல ஒரே நாளில் தளத்தைவிட்டு அனுப்பிவிடுவார்கள். சாவைவிட அந்த அவமானத்துக்குப் பயந்து பறந்தவர்கள் உண்டு என்று பிழைத்தவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். தாமாக முன்வந்த ஒருவனுக்கு, போதும் என்று சொல்லும் உரிமையாவது இருந்திருக்க வேண்டும்.

1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க். படைக்கு அதுதான் மிக மோசமான இரவு. 795 விமானங்கள் கிளம்பின, 95 திரும்பவில்லை, 64 லங்காஸ்டர், 31 ஹாலிஃபாக்ஸ். பாதி நிலா இருந்தது. பெல்ஜியத்துக்கு மேலிருந்து ஜெர்மனிக்குள் ஏறத்தாழ 250 மைலுக்கு மேல் வளைவே இல்லாத நேர்கோட்டில் பாதை போட்டிருந்தார்கள், வழிகாட்டிப் படையின் தலைவர் டான் பென்னட் அதை எதிர்த்தும் கேட்கவில்லை. அந்தக் கோடு ஜெர்மன் இரவு விமானங்கள் வட்டமிட்டுக் காத்திருந்த இடங்களுக்குப் பக்கத்திலேயே போனது. அன்று குளிரில் எஞ்சின் புகை வெண்கோடுகளாக உறைந்து நிலவொளியில் ஒவ்வொரு விமானத்தையும் காட்டிக்கொடுத்தது. ஒரே இரவில் 540-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1940-இல் மாதக்கணக்கில் நடந்த பிரிட்டன் வான்போர் முழுவதிலும் போர்விமானிகள் இறந்த எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நியூரம்பெர்க்குக்குப் பெரிய சேதமும் இல்லை, காற்றில் விலகிப்போன சிலர் வேறு ஊரான ஷ்வைன்ஃபுர்ட்டில் குண்டு போட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த இரவில் சிரில் பார்ட்டன் என்ற 22 வயது விமானி ஓட்டிய ஹாலிஃபாக்ஸ், இலக்குக்குச் சுமார் 70 மைல் இருக்கும்போது தாக்கப்பட்டது. இன்டர்காம் செத்துவிட்டது. குழப்பத்தில் ஒரு சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு நேவிகேட்டர், குண்டு குறிபார்ப்பவர், வயர்லெஸ்காரர் மூவரும் குதித்துவிட்டார்கள். ஒரு எஞ்சினின் விசிறி பிய்த்துக்கொண்டு போயிற்று, பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. வழி சொல்ல ஆளில்லை, பேச இணைப்பில்லை. அவர் திரும்பிவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. போனார், குண்டுகளைத் தானே விடுவித்தார், நட்சத்திரத்தையும் உத்தேசத்தையும் வைத்துக்கொண்டு நான்கரை மணி நேரம் ஓட்டி இங்கிலாந்துக் கடற்கரையைத் தொட்டார், தன் தளத்துக்குச் சுமார் 90 மைல் வடக்கே. ரைஹோப் என்ற சுரங்க ஊருக்கு மேல் பெட்ரோல் தீர்ந்தது. கடைசி நிமிடத்தில் வீடுகளைத் தவிர்க்கப் போராடி இறக்கினார். பின்னால் இருந்த மூவர் பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சுரங்கத் தொழிலாளியும் இறந்தார். பார்ட்டனுக்கு இறந்த பிறகு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். இவ்வளவு மனசுள்ள ஒருவரை அப்படி ஒரு பாதையில் அனுப்பியவர்கள் மீதுதான் என் கோபமெல்லாம்.

திரும்பாத விமானத்துக்கு மறுநாள் காலை என்ன நடக்கும்? சரிக்கட்டும் குழு என்று தளத்தில் ஒரு குழு உண்டு. காணாமல் போனவர்களின் அலமாரியை அது காலி செய்யும். சட்டை, ரேசர், புகைப்படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, அரசுப் பொருளைத் தனியே பிரிக்கும். அம்மாவோ மனைவியோ பார்த்தால் மனம் நோகும் கடிதம் ஏதாவது இருந்தால் எடுத்துவிடும். மிச்சம் கோல்ன்புரூக் என்ற இடத்திலிருந்த மத்தியக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து வீடுகளுக்குப் போகும். அதற்கு முன்பே தந்தி போயிருக்கும், 'காணவில்லை' என்று. அந்த ஒரு வார்த்தையோடு குடும்பம் மாதக்கணக்கில் காத்திருக்கும். பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து, இறந்ததாகக் கொள்கிறோம் என்று இன்னொரு கடிதம் வரும். அந்தக் கட்டிலில் அன்று மாலையே புதிதாக வந்தவன் படுத்திருப்பான்.

போர் முடிந்ததும் காணாமல் போனவர்களைத் தேட விமானப்படையே ஆட்களை ஐரோப்பா முழுக்க அனுப்பியது. கிராமக் கல்லறைகள், பாதிரியார்கள் எழுதிவைத்த குறிப்புகள், சட்டையில் தைத்திருந்த சலவை எண், மோதிரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் கண்டுபிடித்தார்கள். அப்படியும் கல்லறை இல்லாத விமானப்படையினர் 20,000-க்கு மேல், அவர்கள் பெயர்கள் லண்டனுக்கு அருகே ரன்னிமீடு நினைவிடத்தில் இருக்கின்றன. 1944 மேயில் பெல்ஜியத்தில் ஒரு சதுப்பு நிலத்தில் விழுந்து புதைந்த கனடியக் குழுவின் ஹாலிஃபாக்ஸை 1997-இல் தோண்டி எடுத்தபோது, மூன்று பேர் இன்னும் தங்கள் இடங்களிலேயே இருந்தார்கள். அந்த விமானத்தின் அலுமினியம்தான் 2012-இல் லண்டன் கிரீன் பார்க்கில் திறந்த நினைவிடத்தின் கூரைக்குப் போனது.

கீழே இருந்தவர்களைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 1943 ஜூலை கடைசியில் ஹாம்பர்கில் எழுந்த தீப்புயலில் இறந்தவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1943 மேயில் ஜெர்மனியின் அணைகளை உடைத்த பேர்பெற்ற தாக்குதலில் 19 லங்காஸ்டர்களில் 8 போயின, 53 பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் இறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் பெரும்பகுதி ஜெர்மன்காரர்கள்கூட இல்லை, சோவியத் நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள், அவர்களில் பெண்கள் அதிகம். குடியிருப்புகளையே இலக்காக்கும் கொள்கை 1942 பிப்ரவரியில் மேலிடத்தில் எழுத்தில் வந்தது, அதை நான் தவறு என்றுதான் நினைக்கிறேன். விமானத்தில் இருந்த இருபது வயதுப் பையனை அந்த முடிவுக்குப் பொறுப்பாக்க என்னால் முடியவில்லை. ஆனால் போர் முடிந்ததும் தலைவர்கள் நகர்ந்துகொண்டு அவனைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். இந்தப் படைக்கென்று ஒரு தனிப் பதக்கம்கூட கிடையாது, சட்டைப் பதக்கத்தில் மாட்டும் ஒரு சின்னப் பட்டி 2013-இல் வந்தது, எழுபது வருடம் கழித்து.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு, யாரும் பேசுவதில்லை. 1942 ஏப்ரல் 9, ஜப்பானியக் கடற்படை திருகோணமலையைத் தாக்கிய காலை. கொழும்பு குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கி வைத்திருந்தார்கள், அங்கிருந்து பதினொரு பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் கப்பல்களைத் தேடிக் கிளம்பின. துணைக்குப் போர்விமானம் ஒன்றுகூட இல்லை. இரண்டு வழியிலேயே திரும்பிவிட்டன. ஒன்பது போய்ச் சேர்ந்தன, ஒவ்வொன்றிலும் மூன்று பேர். குண்டு எதுவும் கப்பலில் படவில்லை, ஐந்து விமானங்கள் கடலில் போயின. நூற்றுக்கு நான்கு இல்லை, ஒன்பதுக்கு ஐந்து. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க இன்றும் முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். பிளென்ஹைம்களைத் தேடி யாரும் வருவதில்லை.

நெதர்லாந்து வேறு மாதிரி நடந்துகொள்கிறது. உள்ளே ஆட்கள் இருக்கக்கூடிய சிதைவுகளை அரசுச் செலவில் எடுக்க அங்கே ஒரு தேசியத் திட்டமே இருக்கிறது. 1943 மார்ச்சில் பெர்லினிலிருந்து திரும்பும்போது விழுந்த ஒரு ஸ்டிர்லிங்கை 2020-இல் மார்க்கர்மேர் ஏரியில் தடுப்புச் சுவர் எழுப்பிச் சேற்றோடு அள்ளி, எலும்புத் துண்டு ஒன்றுகூடத் தவறாமல் சலித்து எடுத்தார்கள். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் இந்தப் படையின் நினைவு மையம் வைத்திருக்கும், தரைப் பணியாளர்களையும் சேர்த்த 58,000 பெயர்களுக்கான ஆவணத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் பெயர், வயது, விமானம், கிளம்பிய தளம், முடிந்தால் விழுந்த இடம் எல்லாம் இருக்கும். அணைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கி 1944 செப்டம்பரில் நெதர்லாந்தில் விழுந்து இறந்த கை கிப்சன் சிம்லாவில் பிறந்தவர். அவரைப்போல இந்தியாவில் பிறந்தவர்கள் வேறு யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று இப்போது ஒவ்வொருவராகத் தேடிக் குறித்துக்கொண்டிருக்கிறேன். கிடைப்பதை அடுத்து எழுதுகிறேன்.